கறுப்பு, சோகத்தின் நிறம் இல்லை

மாணவர் புகைப்படப் போட்டி என்றால் ஒரு தலைப்பு தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது: 'ஒளி - நிழல் வழியே உணர்ச்சி'. கையில் செல்போன் வந்தபின் தேவகோட்டை, காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளும் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும். நமக்குச் சண்டை பிள்ளைகளோடு இல்லை. அந்தத் தலைப்புக்குள் பதுங்கிக் கிடக்கிற இலக்கணத்தோடுதான்.

வெளிச்சம் என்றால் அறிவு, நம்பிக்கை, மங்கலம். இருட்டு என்றால் துயரம், அச்சம், கேடு. இதை யாரும் வகுப்பில் நடத்தத் தேவையில்லை. கதை, சினிமா, காலண்டர் படம் எல்லாமாகச் சேர்ந்து பொதுப்புத்தியில் ஏற்றிவைத்திருக்கின்றன. இந்த இலக்கணத்தைச் சுமந்துகொண்டு கிளம்புகிற பிள்ளை எங்கே போகும்? முதலில் செட்டிநாட்டு வீட்டு வளவுக்குப் போகும். மேலிருந்து முற்றத்தில் இறங்குகிற வெயில், பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல்லில் மின்னும் பளபளப்பு. 'பெருமை' கிடைத்துவிட்டது. அடுத்து 'உணர்ச்சி' வேணுமே? அதுக்குச் சேரிக்கு வரும். வாசலில் உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவி. பாதி முகம் இருட்டு, பாதி முகத்தில் சுருக்கம். கலரை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளை ஆக்கியாச்சு. கீழே ஒரு தலைப்பு: 'ஏக்கம்'. முதல் பரிசு.

அந்தக் கிழவி அப்போ என்ன நினைச்சுக்கிட்டிருந்தா? பேத்தி பரீட்சை எழுதிட்டு வர நேரமாச்சேன்னு பார்த்திருக்கலாம். வெத்தலை தீர்ந்துபோச்சேன்னு இருந்திருக்கலாம். ஒருத்தரும் கேக்கலை. அவள் தோலின் கறுப்பே உணர்ச்சியாகிவிட்டது. அவள் மனசுக்கு அங்கே வேலை இல்லை.

ஒளியும் நிழலும் பொதுச் சொத்து என்று யாராவது சொன்னால், இந்த மண்ணின் வரலாறு தெரியாமல் சொல்கிறார்கள். தேவகோட்டை அன்றைக்கு இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகளைப் போட்டார்கள். ஜே.எச்.ஹட்டன் தன்னுடைய சாதி பற்றிய நூலில் அவற்றைப் பதிந்து வைத்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. 1931-இல் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. மீறினவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடு சூறை போனது.

குடை பிடிக்காதே என்றால் என்ன அர்த்தம்? உன் தலைக்கு மேலே உனக்கென்று ஒரு சாண் நிழல் இருக்கக் கூடாது என்று அர்த்தம். படிக்காதே என்றால், வெளிச்சம் உனக்கு இல்லை என்று அர்த்தம். நிழலையும் ஒளியையும் சாதி பங்கு போட்ட ஊர் இது. இங்கே ஒரு தலித் பெண் பூ வைத்து, ரவிக்கை போட்டு, நேராக லென்ஸைப் பார்த்து நிற்கிற சாதாரணப் படம் ஒன்று போதும். எட்டுத் தடைகளில் இரண்டை அது உடைக்கிறது. இதைவிடப் பெரிய உணர்ச்சி எந்தப் பாதி இருட்டு முகத்தில் இருக்கிறது?

"கேமரா உள்ளதை உள்ளபடி காட்டும், அதுக்கு ஏதய்யா சாதி?" என்பார்கள். கேமராவுக்குள் இருக்கிற ஒளிமானியின் வேலையைப் பார்ப்போம். எதிரே இருப்பதையெல்லாம் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கணக்கிட்டுத்தான் அது ஒளியை அளக்கிறது. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு கறுத்த பிள்ளையை நிறுத்தினால், வெள்ளை அதிகமாக இருப்பதால் கருவி ஒளியைக் குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும். பிள்ளையின் முகம் கரியாகும். கண் இருக்கிற இடத்தில் ரெண்டு குழி. இது கருவியின் கணக்கு. பார்க்கிறவர் இதற்குச் 'சோகம்' என்று பேர் வைக்கிறார்.

ஃபிலிம் காலத்திலும் இதே கூத்துதான். அமெரிக்காவில் கோடாக் கம்பெனி கலர் பிரிண்டைச் சரிபார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அளவுகோலாக அனுப்பியது. 'ஷெர்லி அட்டை' என்று பேர். அந்தத் தோலுக்குச் சரியாக இருந்தால் எல்லாம் சரி. பள்ளிக்கூட குரூப் போட்டோவில் வெள்ளைப் பிள்ளைகள் தெளிவாக விழுவார்கள். கறுப்புப் பிள்ளைகளின் முகத்தில் பல்லும் கண்ணும் மட்டும் தெரியும். எழுபது, எண்பதுகளில் ஃபிலிமைத் திருத்தினார்களே, எதனால்? சாக்லெட் கம்பெனியும் மரச்சாமான் கம்பெனியும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று புகார் சொன்னது அதற்கு ஒரு முக்கியமான காரணம். மரத்துக்குக் கிடைத்த நியாயம் மனுசருக்குக் கிடைக்கவில்லை.

நம்ம ஊர் ஸ்டுடியோக்களில் மட்டும் என்ன நடந்தது? உள்ளே நுழைந்ததும் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. "நல்லாப் பூசிக்கம்மா, அப்பத்தான் படம் தெளிவா வரும்." விளக்கைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் முடிகிற காரியம். அதைச் செய்யாமல் முகத்தை மாற்றச் சொன்னார்கள். இதே வட்டாரத்தில்தான் ஏ.வி.மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ நடத்தி 1947-இல் 'நாம் இருவர்' படத்தைக் கொடுத்தார். எந்த முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பது யாரோ ஒருவர் முடிவுசெய்கிற விசயம் என்று சினிமாக்காரர்களுக்கு அன்றைக்கே தெரியும். அந்த முடிவு யார் கையில் என்பதுதான் நம்ம கேள்வி.

"அப்படின்னா கஷ்டத்தைக் காட்டவே கூடாதா?" என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். காட்டணும். மதுரைப் பக்கம் ஜவஹர்லால்புரத்திலிருந்து வந்த எம்.பழனிக்குமார் காட்டுகிறார். மீன் விற்ற தாயின் மகன், கடன்பட்டுக் கேமரா வாங்கியவர். 2017-இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். மலக்குழியில் இறந்தவர்களின் வீடுகளுக்குப் போனார், தன் தாயின் உழைப்பையும் படமெடுத்தார். அந்தப் படங்களில் இருட்டு இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. ஆனால் யார் அந்த மனுசர், என்ன பேர், யாரால் இந்தக் கதி என்பதும் கூடவே இருக்கிறது. 'ஏக்கம்' என்று பொத்தாம்பொதுவாகப் பேர்வைத்துத் தப்பிக்கிற வழி பார்ப்பவருக்கு இல்லை. அவர் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றும் கொடுக்கிறார். வியாசர்பாடி இளைஞர்கள் எடுத்த படங்கள் 2023-இல் கண்காட்சியாகவே வந்தன. வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன் ஊரடங்குக் காலத்தில் தன் வீட்டுக்குத் திரும்பி, தன் குடும்பத்தையே படமெடுத்தார். அவருடைய பாட்டி அந்த ஊரில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தவர். படிக்காதே என்ற தடைக்கு ஒரு பாட்டி சொன்ன பதில் அது. பேரன் கேமராவால் தொடர்கிறார்.

ஆக, தேவகோட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நமக்குச் சில விசயம் உண்டு. போனில் படம் எடுக்கும்போது திரையில் முகத்தைத் தொடு. ஒளியை முகத்துக்கு அளந்து கூட்டு. பின்னால் சுவர் வெளுத்துப் போனால் போகட்டும், சுவருக்கா படம் எடுக்கிறோம்? உச்சி வெயிலில் நிறுத்தாதே; கண் குழியாகும். காலை வெயிலில் திண்ணை நிழலில் உட்காரவை. வெள்ளைச் சுவரைப் பின்னால் வைக்காமல் எதிரே வைத்தால் அதுவே விளக்காகி முகத்துக்கு ஒளியைத் திருப்பும். அப்புறம் ஒரு வார்த்தை கேள்: "அப்பத்தா, உன்னை எப்படி எடுக்கட்டும்?" எடுத்ததை அவளிடம் காட்டு. பிரிண்ட் போட்டுக் கொடு. நம்ம வீடுகள் பலவற்றில் இறந்தவர் படம் என்று மாலை போட்டு மாட்டியிருப்பது ரேசன் கார்டிலிருந்தோ அடையாள அட்டையிலிருந்தோ பெரிதாக்கின மங்கல் படம். உயிரோடு இருக்கும்போதே ஒரு நல்ல படம் எடுத்துவை.

இன்னொன்று. தேவகோட்டைக்குப் பக்கத்தில்தான் கண்டதேவி. தேர் வடத்தைத் தலித்துகள் தொடலாமா என்ற வழக்கில் பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற தேர், உயர்நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு 2024 ஜூனில் போலீஸ் காவலோடு ஓடியது. அந்த வடத்தில் யார் கை இருந்தது, யார் கை இல்லை என்பதே அங்கே பிரச்சினை. அந்த மாதிரி இடத்தில் தேரின் நிழல் தரையில் எவ்வளவு அழகாக விழுந்தது என்று எடுத்துக்கொண்டிருக்க முடியாது. கை தெரியணும். முகம் தெரியணும். பட்டப்பகல் வெளிச்சத்தில், யார் என்று அடையாளம் சொல்லும்படி தெரியணும்.

போட்டி நடத்துகிற ஆசிரியர்களுக்கும் ஒரு கோரிக்கை. பரிசு கொடுக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: படத்தில் இருக்கிறவர் பேர் என்ன? எடுத்த பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை என்றால், அந்தப் படத்தில் ஒளியும் இருக்கலாம், நிழலும் இருக்கலாம். உணர்ச்சி மட்டும் யாருடையது என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள் பரிசை.