உப்புத் தண்ணி ஊருக்கு எந்த வாஷிங் மெஷின் தாங்கும்? பொன்னேரி மக்களே... ஒரு மாச சம்பளத்தை கொட்டும் முன் உஷார்!

பொன்னேரி:

"ஜி.எஸ்.டி. குறைஞ்சாச்சு... அள்ளிட்டுப் போங்க!" 2025 செப்டம்பர் 22-ந்தேதி வரி குறைப்பு அமலுக்கு வந்ததும் வீட்டு உபயோகப் பொருள் கடைகளில் இப்படித்தான் அலறல் கேட்டது. ஏ.சி., பெரிய டி.வி., பாத்திரம் கழுவும் மெஷின் ஆகியவற்றுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 18 ஆக குறைந்தது நிஜம்.

ஆனால் வாஷிங் மெஷினுக்கு அன்று ஒரு பைசா கூட வரி குறையவில்லை. காரணம், அதற்கான வரி 2018 ஜூலை 27-ந்தேதியே 28-ல் இருந்து 18 சதவீதத்துக்கு இறங்கி விட்டது. எனவே 'ஜி.எஸ்.டி. ஆபர்' என்று சொல்லி வாஷிங் மெஷினை காட்டினால், அது கடைக்காரர் தரும் தள்ளுபடி. அரசு தந்த தள்ளுபடி அல்ல.

இந்த ஒரு விஷயம் தெரியாமலேயே அவசரப்பட்டு கடைக்கு ஓடுகிறவர்கள் ஏராளம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு வாஷிங் மெஷின் என்பது ஆடம்பரம் இல்லை. காலை ஷிப்டுக்கு கணவர், பள்ளிக்கு பிள்ளைகள், கம்பெனி பஸ்சை பிடிக்க மனைவி என்று ஓடுகிற வீட்டில், கிரீஸ் படிந்த யூனிபார்மை கல்லில் அடித்து துவைக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

அதனால்தான் கேள்வி முக்கியம். ஒரு மாச சம்பளத்தை கொட்டி வாங்கும் மெஷின் பத்து வருஷம் உழைக்குமா? இல்லை, இரண்டே வருஷத்தில் துணி போட்டு வைக்கும் டப்பாவாகி விடுமா?

வில்லன் மெஷின் இல்லை... தண்ணி!

சென்னையில் நன்றாக ஓடுகிற அதே மெஷின் பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் வந்தால் மக்கர் செய்வது ஏன்? பதில் பூமிக்கு அடியில் இருக்கிறது.

ஆரணி ஆறும், கொசஸ்தலை ஆறும் ஓடும் இந்த பகுதியில் ஒரு காலத்தில் நிலத்தடி நீருக்கு குறைவே இல்லை. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ராட்சத ஆழ்துளை கிணறுகள் போட்டு, சென்னை நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் எடுத்தார்கள். விவசாயத்துக்கும் உறிஞ்சினார்கள். நல்ல தண்ணீர் இறங்க இறங்க, அந்த காலி இடத்துக்குள் கடல் நீர் புகுந்தது. மீஞ்சூர் பக்கம் கடல் நீர் உள்ளே வருவது 1960-களின் கடைசியிலேயே கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். நிலத்தடி நீர் எடுப்பதை கட்டுப்படுத்த 1987-ல் தனி சட்டமே வந்தது.

2010-ல் காட்டுப்பள்ளியில் கடல் நீரை குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. தினமும் 10 கோடி லிட்டர் தயாரிக்கும் திறன் கொண்டது. ஆனால் அந்த தண்ணீர் சென்னைக்கு போகிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் வீட்டு போரில் வருவதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

எல்லா போரும் உப்பு என்று சொல்லி விட முடியாது. தெருவுக்கு தெரு, ஆழத்துக்கு ஆழம் தண்ணி மாறும். எனவே மெஷின் வாங்கும் முன் கடைக்கு போகாதீர்கள். முதலில் உங்கள் வீட்டு குழாயை திறந்து பாருங்கள்.

காசு செலவு இல்லாத டெஸ்ட்

ஒரு பாட்டிலில் பாதி அளவு வீட்டு தண்ணி, இன்னொன்றில் பாதி அளவு கேன் தண்ணி. இரண்டிலும் ஒரே அளவு சோப்பு சீவி போட்டு குலுக்க வேண்டும். கேன் தண்ணியில் நுரை பொங்கி, வீட்டு தண்ணியில் நுரை வராமல் தயிர் திரிந்த மாதிரி மிதந்தால், அது கடின நீர். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக படிந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

இங்கே ஒரு குழப்பத்தை தெளிவாக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் தண்ணியில் கரைந்திருக்கும் மொத்த உப்பை மட்டுமே காட்டும். அதில் சுண்ணாம்பு எவ்வளவு, கடல் உப்பு எவ்வளவு என்று பிரித்து சொல்லாது. சுண்ணாம்பு இருந்தால் நுரை வராது, ஹீட்டரில் பாறை மாதிரி படியும். கடல் உப்பு இருந்தால் இரும்பும் அலுமினியமும் அரிக்கும். இரண்டும் வேறு வேறு வியாதி.

சரியாக தெரிய வேண்டும் என்றால் ஆய்வகத்தில் கொடுத்து பார்ப்பதுதான் வழி. குடிநீருக்கான இந்திய தர நிர்ணயப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராம் வரை இருப்பது நல்லது. வேறு வழி இல்லாத பட்சத்தில் 600 வரை அனுமதி. உங்கள் ரிப்போர்ட்டில் 600-ஐ தாண்டினால், விலை உயர்ந்த மெஷின் பக்கம் போகும் முன் பத்து தடவை யோசியுங்கள்.

மூன்று ரகம்... எது யாருக்கு?

செமி ஆட்டோமேட்டிக்: இரண்டு தொட்டி இருக்கும். ஒன்றில் துவைத்து, கையால் எடுத்து மற்றதில் போட்டு பிழிய வேண்டும். விலை சுமார் 8 ஆயிரத்தில் ஆரம்பிக்கிறது. குழாயில் வேகம் தேவை இல்லை, பக்கெட்டில் ஊற்றினாலே போதும். பவுடர் கரைத்த ஒரே தண்ணியில் முதலில் வெள்ளை, அப்புறம் கலர், கடைசியில் யூனிபார்ம் என்று மூன்று முறை ஓட்டலாம். பெரும்பாலான மாடல்களில் உடம்பும் தொட்டியும் பிளாஸ்டிக் என்பதால் துரு பயம் குறைவு. ரிப்பேர் என்றால் டைமர், பெல்ட், வாஷர், பிரேக் ஒயர் மாதிரி சாமான்கள்தான். உள்ளூர் மெக்கானிக்கே பார்த்து விடுவார். குறை? பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

டாப் லோடு: மேலே திறந்து துணியை போட்டு பட்டனை அழுத்தினால் போதும், அதுவே துவைத்து பிழிந்து விடும். குனிய வேண்டாம், நடுவில் மறந்த துணியையும் போடலாம். ஆனால் ஒரு தடவைக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணி குடிக்கும். மாடியில் டேங்க் இருந்து, குழாயில் ஓரளவு வேகமாக தண்ணி வர வேண்டும். லாரி தண்ணியை காசு கொடுத்து வாங்குகிற வீட்டுக்கு இது சரிப்படாது.

பிரண்ட் லோடு: முன்பக்கம் கண்ணாடி கதவு. தண்ணி மிச்சம், துணி கிழியாது, அழுக்கும் நன்றாக போகும். ஆனால் விலை பெரும்பாலும் 25 ஆயிரத்துக்கு மேல். உள்ளே ஹீட்டர் இருக்கிறது. டிரம்மை பின்னால் இருந்து தாங்கி பிடிக்கும் மூன்று கால் பாகம் பல மாடல்களில் அலுமினிய கலவையால் ஆனது. கடின நீர் ஹீட்டரை கெடுக்கும், உப்பு நீர் அந்த காலை அரிக்கும். கால் உடைந்தால் 'டமால் டமால்' என்று மெஷினே குதிக்கும். அதை மாற்ற ஆகும் செலவில் ஒரு புது செமி ஆட்டோமேட்டிக்கே வாங்கி விடலாம்.

எத்தனை கிலோ என்பது இன்னொரு குழப்பம். மெஷினில் எழுதியிருப்பது காய்ந்த துணியின் எடை. நாலு பேர் வீட்டுக்கு ஆறரை முதல் ஏழு கிலோ போதும். ஏழு கிலோ மெஷினில் எட்டு கிலோ திணித்தால் மோட்டார்தான் அடி வாங்கும்.

'10 வருஷ வாரண்டி'... நம்பலாமா?

கடையில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும் '10 வருஷம்' பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும். மொத்த மெஷினுக்கான வாரண்டி பல கம்பெனிகளில் 2 வருஷம்தான். மெஷினின் மூளையான எலக்ட்ரானிக் போர்டு கெட்டுப் போனால் மோட்டார் வாரண்டி உதவாது. நம்ம ஊரு வோல்டேஜ் ஏறி இறங்கும்போது முதலில் போவது அந்த போர்டுதான். எலி கடித்த ஒயர், துரு, தண்ணி உப்பால் வந்த கோளாறு ஆகியவை வாரண்டியில் வராது என்று பல கார்டுகளில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை படித்த பிறகே பணத்தை எண்ணுங்கள்.

வாரண்டி என்பது கம்பெனி உயிரோடு இருக்கும் வரைதான். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த வீடியோகான் நிறுவனம் 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் போனதை மறக்க முடியாது. எனவே பெயரை பார்த்து மயங்காமல், பொன்னேரிக்கு சர்வீஸ் ஆள் எங்கிருந்து வருகிறார், எத்தனை நாளில் வருகிறார், உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். அதே மெஷினை பயன்படுத்தும் பக்கத்து வீட்டு அக்காவிடம் விசாரித்தால் விளம்பரத்தை விட நல்ல தகவல் கிடைக்கும்.

நம்மை சுற்றித்தான் தயாராகுது

இதில் ஒரு வேடிக்கை. வாஷிங் மெஷின் தயாரிப்பு நம்மை சுற்றித்தான் நடக்கிறது. புதுச்சேரியில் வேர்ல்பூல் ஆலை இருக்கிறது. சுங்குவார்சத்திரம் அருகே சாம்சங் ஆலையில் வாஷிங் மெஷின் தயாராகிறது. 2024 செப்டம்பர் 9-ந்தேதி அங்கே தொழிலாளர்கள் தொடங்கி, ஒரு மாதத்துக்கும் மேல் நடத்திய வேலை நிறுத்தம் நாடு முழுக்க பேசப்பட்டது. கும்மிடிப்பூண்டியை தாண்டி ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டியில், ரூ.5 ஆயிரம் கோடியில் புது ஆலைக்கு எல்.ஜி. நிறுவனம் 2025 மே மாதம் அடிக்கல் நாட்டியது. அங்கே ஆண்டுக்கு 8½ லட்சம் வாஷிங் மெஷின் தயாரிக்க திட்டம்.

மெஷினை செய்வது நம்ம பிள்ளைகள். ஆனால் அந்த மெஷின் நம்ம தண்ணிக்கு தாங்குமா என்று நாம்தான் பார்த்துக் கொள்ள வேண்டும்.

கரண்ட் பில் ஷாக் அடிக்குமா?

பயப்பட வேண்டாம். செமி ஆட்டோமேட்டிக் மோட்டார் சுமார் 350 வாட்ஸ். அரை மணி நேரம் ஓடினால் கால் யூனிட் கூட ஆகாது. மாதம் 15 தடவை துவைத்தாலும் 4 யூனிட்டுக்குள் அடங்கி விடும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் 2016 மே மாதம் முதல் இருப்பதால், சிறிய குடும்பத்துக்கு பெரிய சுமை இல்லை. பிரண்ட் லோடில் வெந்நீர் பட்டனை தட்டினால் கதை வேறு. ஒரு தடவைக்கே சுமார் ஒரு யூனிட் போகலாம்.

நிஜ ஷாக்குக்குத்தான் பயப்பட வேண்டும். ஈரமான பாத்ரூமில், எர்த் இல்லாத பிளக்கில், ஒட்டுப்போட்ட ஒயரில் மெஷினை ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. வாடகை வீடாக இருந்தாலும் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டு பார்த்து விட வேண்டும். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருந்தால் இன்னும் நிம்மதி. தண்ணியில் கையை விடும் முன் பிளக்கை பிடுங்குங்கள்.

தவணையில் சிக்காதீங்க

'வட்டி இல்லா தவணை' என்றாலும் பிராசசிங் கட்டணம் என்று ஒரு தொகை இருக்கும். மொத்த பணம் கொடுத்தால் என்ன விலை, தவணையில் கடைசி வரை கட்டினால் என்ன தொகை என்று இரண்டையும் பேப்பரில் எழுதி வாங்குங்கள். வித்தியாசம்தான் நிஜ வட்டி. காண்டிராக்ட் வேலையில் இருப்பவர்கள், ஒரு மாதம் வேலை நின்றாலும் கட்ட முடிகிற தவணையை மட்டும் எடுப்பது நல்லது. தவணை தவறினால் அபராதம் ஒரு பக்கம், அடுத்த கடன் கிடைக்காமல் போவது இன்னொரு பக்கம்.

ஏமாந்தால் எங்கே போவது?

பில்லில் மாடல் பெயர், சீரியல் நம்பர் இரண்டும் இருக்க வேண்டும். சர்வீசுக்கு போன் செய்தால் புகார் எண்ணை குறித்து வையுங்கள். இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால் திருவள்ளூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

2020 ஜூலை 20-ந்தேதி அமலுக்கு வந்த புதிய சட்டப்படி, பொருளை சென்னையில் வாங்கியிருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை ஏற்பட்டு 2 வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஆக மொத்தம் என்ன வாங்கலாம்?

போர் தண்ணி உப்பா, வாடகை வீடா, தண்ணி பக்கெட்டில் பிடிப்பதா? கவுரவம் பார்க்காமல் செமி ஆட்டோமேட்டிக் வாங்குங்கள். ஓரளவு நல்ல தண்ணி, டேங்க் வசதி, இருவரும் வேலைக்கு போகும் வீடு என்றால் ஸ்டீல் டிரம் உள்ள டாப் லோடு. நல்ல தண்ணி, சீரான கரண்ட், பக்கத்தில் சர்வீஸ் என மூன்றும் இருந்தால் மட்டும் பிரண்ட் லோடு.

எதை வாங்கினாலும் மாதம் ஒரு முறை தண்ணி நுழையும் இடத்தில் உள்ள சல்லடையை கழற்றி கழுவ வேண்டும். டாப் லோடு, பிரண்ட் லோடு வைத்திருப்பவர்கள், கம்பெனி சொல்லும் உப்புக்கறை நீக்கும் பவுடரை போட்டு மெஷினை காலியாக ஒரு தடவை ஓட்டுவது நல்லது. நுரை வரவில்லை என்று பவுடரை அள்ளி கொட்டக் கூடாது. அது துணியிலும் மெஷினிலும்தான் படியும். கடையில் விற்கும் சில பில்டர்கள் சுண்ணாம்பு படிவதை குறைக்குமே தவிர, தண்ணியில் இருக்கும் கடல் உப்பை எடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விலை அதிகமான மெஷின்தான் நல்ல மெஷின் என்பது கடைக்காரர் கணக்கு. நம்ம வீட்டு தண்ணி, நம்ம வீட்டு கரண்ட், நம்ம கையில் இருக்கும் காசு... இந்த மூன்றுக்கும் ஒத்து வருவதுதான் பொன்னேரி கணக்கு!