கோவில் பிக்கப்புல ரேடியோ போடுறோம்னா, ஒழுங்கா போடுவோம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. வயர், ஃபியூஸ்னு நிறைய வரும். ஆனா இது வண்டி ஓட்டுறவங்களுக்கு மட்டும் எழுதினது இல்ல. பால்குடம் எடுக்கிறவங்க, காவடிக்குத் துணையா நடக்கிறவங்க, பிள்ளையைத் தோள்ல வச்சுக்கிட்டு சாமி பார்க்க வர்றவங்க எல்லாருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

கொஞ்ச நாளா நம்ம தொண்டூழியர் குழுவுல ஒரு பேச்சு ஓடுது. ஊர்வலத்துல சாமிக்கு முன்னால போற பிக்கப்புல ரேடியோ பொருத்தலாமா, வேண்டாமா? ஒரு பக்கம், "கைத்தொலைபேசி இருக்கு, வாட்ஸ்அப் இருக்கு, எதுக்கு வீண் செலவு?" இன்னொரு பக்கம், "ஒரு செட்டு வாங்கி சிகரெட் லைட்டர்ல குத்தி விட்டா முடிஞ்சது, அரை மணி நேர வேலை." எனக்கு இந்த ரெண்டுலயும் உடன்பாடு இல்ல. ரேடியோ கண்டிப்பா வேணும். ஆனா ஒப்புக்குத் தொங்கவிடுற ரேடியோ வேண்டாம். சுத்தமா, நிரந்தரமா, சட்டப்படி பொருத்த முடிஞ்சா பொருத்துவோம். முடியலைன்னா கையில பிடிக்கிற சின்ன வாக்கி-டாக்கியோட நிறுத்திக்குவோம்.

முதல்ல, கைத்தொலைபேசி ஏன் போதாது?

தைப்பூசத்தன்னிக்கு சிராங்கூன் ரோடு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவில்லேர்ந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில் வரைக்கும் சுமார் 3 கிலோமீட்டர் நடந்து பார்த்தவங்களுக்குத் தெரியும். முன்னால போறவங்களுக்கும் பின்னால வர்றவங்களுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி விழுதுன்னு. பின்னால ஒரு காவடிக்காரர் மயக்கமா உட்கார்ந்துட்டார்னா முன்னால உள்ளவங்களுக்குத் தெரியவே தெரியாது. சின்னக் கோவில் ஊர்வலமா இருந்தாலும் இதே கதைதான். வாட்ஸ்அப்ல குரல்பதிவு போட்டா, கூட்ட நெரிசல்ல அது போய்ச் சேர்றதுக்குள்ள வண்டி அடுத்த விளக்கைத் தாண்டிடும். அழைச்சா ஒருத்தர்கிட்டதான் பேச முடியும். ரேடியோவுல ஒரு பட்டனை அழுத்தினா, குழுவுல இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்துல கேக்கும்.

அதோட, ஓட்டுநர் ஓட்டிக்கிட்டே தொலைபேசியைக் கையில பிடிச்சாலே சிங்கப்பூர்ல குற்றம். முதல் முறைக்கே 1,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, இல்ல ரெண்டும். சாமி வேலைன்னு சொன்னா போக்குவரத்து போலிஸ் விட்டுடுவாங்கன்னு யாரும் நினைக்க வேண்டாம். விடவும் கூடாது.

எனக்குப் பெரிய பயம் பின்னால எடுக்கிற நேரம்தான். மேளமும் நாதஸ்வரமும் முழங்குறப்போ, பின்னால நிக்கிறவர் கத்துறது ஓட்டுநருக்குக் கேக்காது. வண்டிக்குப் பின்னால குனிஞ்சு பூ பொறுக்குற குழந்தை கண்ணாடியில தெரியாது. "நிறுத்து"ன்னு ஒரு சொல் அந்த நொடியே ஓட்டுநர் காதுல விழணும்.

தஞ்சாவூர் பக்கம் களிமேட்டுல நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2022 ஏப்ரல் 27, விடியற்காலை. அப்பர் சதய விழாத் தேர். வளைவுல திருப்புறப்போ தேரோட மேல்பகுதி உயர் அழுத்த மின்கம்பியில பட்டு, சின்னப் பிள்ளைங்களையும் சேர்த்து 11 உயிர் போச்சு. அங்க ரேடியோ இருந்திருந்தா தப்பிச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல வரல. அப்படிச் சொல்றது தப்பு. நான் சொல்றது, அலங்காரம், ஜெனரேட்டர், விளக்கு, கூட்டம் எல்லாத்தோடயும் நகர்ற வண்டி சாதாரண வண்டி இல்ல. நம்ம ஊர்ல மின்கம்பி பெரும்பாலும் மண்ணுக்கடியில இருக்கு. ஆனா மரக்கிளை இருக்கு, மேம்பாலம் இருக்கு, கார்நிறுத்துமிடத்து உயரக் கம்பி இருக்கு. மேல பார்க்கிறவர் ஒருத்தர், ஓட்டுறவர் ஒருத்தர். ரெண்டு பேருக்கும் நடுவுல நம்பகமான பேச்சு வேணும்.

சரி, எந்த ரேடியோ?

யூடியூப் பார்த்துட்டு சில தம்பிங்க "அமெரிக்கா சிபி ரேடியோ வாங்கலாமா அண்ணே"ன்னு கேக்குறாங்க. நல்ல கேள்விதான். 1958ல அமெரிக்காவுல 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டாங்க. 1973 எண்ணெய் நெருக்கடியில எந்த பங்க்ல டீசல் இருக்குன்னு லாரிக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க அதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. 1977லேர்ந்து 40 சேனல். 9ஆம் சேனல் அவசர உதவிக்குன்னே ஒதுக்கினது. இந்தியாவுலயும் 2005லேர்ந்து அந்த அலைவரிசையில குறைஞ்ச சக்தி சாதனத்துக்கு உரிமம் வேண்டாம்னு விதி வந்துச்சு.

ஆனா அங்க செல்லுபடியாகுதுன்னு இங்க கொண்டாந்து மாட்ட முடியாது. நம்ம ஊர்ல தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் சொல்றதுதான் சட்டம். 446 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அரை வாட்டுக்குள்ள இயங்குற அங்கீகரிக்கப்பட்ட சின்ன வாக்கி-டாக்கிக்குத் தனி உரிமம் வேண்டாம். வண்டியில பொருத்துற பெரிய ரேடியோன்னா உரிமம் எடுக்கணும், அங்கீகரிச்ச சாதனமா இருக்கணும். இணையத்துல மலிவா வர்ற செட்டை வாங்கிக் கண்ட அலைவரிசையில பேசினா, இன்னொருத்தரோட அவசர வேலைக்கு நடுவுல நாம போய் விழலாம்.

இன்னொரு காரணமும் இருக்கு. 27 மெகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 11 மீட்டர். அதுல கால் பங்கு ஆண்டெனான்னாலே 2.7 மீட்டருக்கு மேல வரும். சுருள் சுத்திக் குட்டையாக்கலாம், ஆனா பலன் குறையும். பூப்பந்தல் போட்ட வண்டியில அது எங்க நிக்கும்? 446ல அதே கால் பங்கு ஏறக்குறைய 17 சென்டிமீட்டர்தான். தோரணத்துல மாட்டாது, கிளையில இடிக்காது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பொருத்துற வேலை.

சில வருஷம் முன்னால ஒரு ஊர்வலத்துல, எந்தக் கோவில்னு வேண்டாம், சிகரெட் லைட்டர்ல குத்தின பிளக் சூடேறி பிளாஸ்டிக் உருகுற வாசனை வந்துச்சு. சாம்பிராணிப் புகைக்கு நடுவுல அது யாருக்கும் உடனே புரியல. நல்லவேளை, பக்கத்துல இருந்தவர் இழுத்துப் பிடுங்கினார். லைட்டர் பிளக் ஆட்டத்துல தளரும். தளர்ந்த இடத்துல சூடு ஏறும். 25 வாட் ரேடியோ பேசுறப்போ ஏறக்குறைய 5, 6 ஆம்பியர் இழுக்கும். அதே சாக்கெட்டுல தொலைபேசி சார்ஜரும் சீரியல் விளக்கும் சேர்ந்தா கேக்கவே வேண்டாம்.

அதனால மின்சாரம் நேரா பேட்டரியிலேர்ந்து வரணும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே, ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும். நிறைய பேர் ஃபியூஸ் ரேடியோவைக் காப்பாத்தன்னு நினைக்கிறாங்க. அது காப்பாத்துறது வயரை. ஃபியூஸை ரேடியோ பக்கத்துல வச்சா, நடுவுல உள்ள வயர் எங்கயாவது தகரத்துல உரசி ஷார்ட் ஆச்சுன்னா அதைத் தடுக்க ஒண்ணுமே இல்ல. பேட்டரி ஒரே நொடியில நூத்துக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வயர் பழுத்துத் தீப்பிடிக்கும்.

இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல உள்ள தகரத் தடுப்பைத் தாண்டுற இடத்துல, துளை ஓரத்துல ரப்பர் வளையம் போடாம வயரை விடவே கூடாது. புகைக்குழாய், ஸ்டியரிங் தண்டு, பிரேக் பெடல் பக்கம் வயர் போகக்கூடாது. நெளிகுழாய்க்குள்ள விட்டு, ஒவ்வொரு சாணுக்கும் கேபிள் டை. இன்சுலேஷன் டேப் மட்டும் நம்ப வேண்டாம். நம்ம வெயிலுக்கு அது ரெண்டு மாசத்துல பிசுபிசுன்னு கழண்டு வந்துடும். இணைப்புகளை முறுக்கி விடாம கிரிம்ப் பண்ணணும்.

ரேடியோவை எங்க வைக்கிறது? காற்றுப்பை விரியுற இடத்துல வைக்கக்கூடாது. மோதுற நேரத்துல அந்தப் பெட்டியே நம்ம முகத்துக்குப் பறந்து வரும். கண்ணாடி ஓரத் தூண்லயும் இப்ப நிறைய வண்டியில காற்றுப்பை இருக்கு. அதுக்கு முன்னால குறுக்க வயரை ஓட்டக்கூடாது. மைக் பக்கத்து இருக்கைக்காரருக்கு எட்டணும். பேசுறது அவர் வேலை. ஓட்டுநர் கேட்டா போதும், கை ஸ்டியரிங்கை விட்டு வரக்கூடாது. அதனால தனி ஸ்பீக்கரை ஓட்டுநர் பக்கம் திருப்பி வைக்கணும்.

பெரிய லாரின்னா இன்னொரு எச்சரிக்கை. பிக்கப்புல 12 வோல்ட், பெரிய லாரியில பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் ரேடியோவை அப்படியே கொடுத்தா அங்கேயே போயிடும். நடுவுல மாத்துற கருவி வேணும். ஒரு பேட்டரியிலேர்ந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கிற குறுக்குவழி வேண்டாம், அந்த பேட்டரி சீக்கிரம் கெடும்.

ஆண்டெனாவுக்குக் கூரையோட நடுப்பகுதிதான் நல்ல இடம். கீழ உள்ள தகரமும் ஆண்டெனாவோட பாதி மாதிரி வேலை செய்யும். பொருத்தினதும் மீட்டர் வச்சு எஸ்டபிள்யூஆர் பார்க்கணும். 1.5க்குள்ள இருந்தா நல்லது. 3 காட்டுச்சுன்னா பேசவே கூடாது, அனுப்புற சக்தி திரும்பி வந்து செட்டையே கெடுக்கும்.

இனி நம்ம கோவில் வண்டிக்கே உரிய விஷயம். அலங்கார எல்இடி விளக்கோட டிரான்ஸ்ஃபார்மரும் ஜெனரேட்டரும் ரேடியோவுல ஒரே இரைச்சலா வரும். அந்த வயரும் ஆண்டெனா வயரும் ஒட்டிப் போகக்கூடாது. தீர்த்தம், பால், இளநீர் எங்க சொட்டும்னு முன்கூட்டியே யோசிக்கணும். கற்பூரத் தட்டு நிக்கிற பக்கம் எந்த வயரும் இருக்கக்கூடாது. விளக்கு, பந்தல் எல்லாம் போட்ட பிறகு ஒரு தடவை பேசிப் பார்த்தாதான் சோதனை. காலி வண்டியில பார்த்தது கணக்குல வராது.

"வருஷத்துல நாலு நாளைக்கு இவ்வளவு மெனக்கெடணுமா? வண்டியில துளை போட்டா விக்கிறப்போ விலை குறையுமே?"ன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்விதான், உண்டியல் பணம் பக்தர்களோட பணம். ஆனா அந்த வண்டி மீதி நாளும் காய்கறி ஏத்துது, அன்னதானச் சாமான் ஏத்துது, தொண்டூழியர்களை ஏத்திக்கிட்டுப் போகுது. நாலு நாளைக்குன்னு இழுத்த வயர் மீதி நாளும் டேஷ்போர்டுக்குக் கீழ உரசிக்கிட்டேதான் இருக்கும். "தற்காலிகமா"ன்னு போடுறது நம்ம இடங்கள்ல எத்தனை வருஷம் நிக்கும்னு உங்களுக்கே தெரியும். துளையில நிஜமாவே கவலைன்னா காந்த அடி வச்ச ஆண்டெனா இருக்கு, அதை வாங்கலாம். ஆனா ஃபியூஸ்லயும் வயர்லயும் மிச்சம் பிடிக்க வேண்டாம். சிம் லிம் டவர்ல கிடைக்கிற சின்னச் சாமான்தான். உழைப்புதான் கூட.

கருவறை விளக்கைத் துடைக்கிறவர் பக்தர்களுக்குத் தெரியிற பக்கம் மட்டுமா துடைக்கிறார்? டேஷ்போர்டுக்குக் கீழ கட்டுற கேபிள் டையும் அதே சேவைதான்.

கடைசியா, ரேடியோ இருந்தா மட்டும் போதாது, பேசத் தெரியணும். நம்ம குவீன்ஸ்டவுன்காரங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ரயில்வேத் தொழிலாளர்கள் குவீன்ஸ்வே தண்டவாளத்து ஓரத்துல கும்பிட்ட முனீஸ்வரர்தான் இன்னிக்கு காமன்வெல்த் டிரைவ்ல பெரிய கோவில்ல இருக்கார். அந்தப் பாதையில 2011 ஜூன் 30 வரைக்கும் ரயில் ஓடுச்சு. ஒத்தைத் தண்டவாளம். புக்கிட் தீமா நிலையத்துல ஓட்டுநர் கையில சாவி டோக்கன் வந்தாதான் அடுத்த பகுதிக்குள்ள ரயில் போகலாம். டோக்கன் ஒருத்தர்கிட்டதான் இருக்கும். ரேடியோ சேனலும் ஒத்தைத் தண்டவாளம்தான். ரெண்டு பேர் ஒரே நேரத்துல அழுத்தினா ரெண்டு பேர் பேச்சும் கெடும். அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசணும். கேட்டவர் திருப்பிச் சொல்லணும். "சாப்பாடு வந்துருச்சா", "அண்ணே எங்க இருக்கீங்க" எல்லாம் அதுல கூடாது. "நிறுத்து" யார் சொன்னாலும், ஏன்னு கேக்காம வண்டி நிக்கணும்.

குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். உரிமத்துக்கு இப்பவே விண்ணப்பிப்போம், திருவிழாவுக்கு ரெண்டு வாரம் இருக்கப்போ ஓட வேண்டாம். வாகன மின்வேலை தெரிஞ்சவர் கையால பொருத்துவோம், நம்ம தம்பிங்க கூட நின்னு கத்துக்கட்டும். ஃபியூஸ் எங்க இருக்கு, எத்தனை ஆம்பியர், எந்த வயர் எங்க போகுதுன்னு தமிழ்ல ஒரு தாள்ல எழுதி முன்பெட்டியில வைப்போம். அடுத்த வருஷம் வேற ஒருத்தர் ஓட்டுவார், அவருக்கும் தெரியணும். ஊர்வலத்துக்கு முந்தின நாள் முழு அலங்காரத்தோட ஒரு சோதனை ஓட்டம்.

மாற்றுக் கருத்து இருந்தா கீழ எழுதுங்க. வாகன மின்வேலை தெரிஞ்ச அன்பர்கள் இருந்தா கட்டாயம் சொல்லுங்க, உங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வேணும். மதியச் சாப்பாடு கோவில்ல.

முருகன் துணை.