அன்பு இருக்கு... படிப்பு எங்கே?

மே மாதக் கடைசியில் ஒரு நாள், தாம்பரம் பக்கம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தின் அட்மிஷன் கவுன்டர் அருகே அரை மணி நேரம் நின்று பாருங்கள். முடிச்சூர் ரோடாக இருக்கலாம். சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் என்று போகிற வேளச்சேரி ரோடாக இருக்கலாம். வாசலில் பெரிய பேனர். ஸ்மார்ட் கிளாஸ், அபாகஸ், ஸ்கேட்டிங், கராத்தே எல்லாம் உண்டு. உள்ளே ஆறு வயசுப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா. பையன் சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். 'உன் பேர் என்ன?' என்று கேட்டால், 'உன் பேர் என்ன?' என்று திருப்பிச் சொல்கிறான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசுவார். 'எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல மேடம். ஆனா இங்க ஸ்பெஷல் எஜுகேட்டர் கிடையாது. குழந்தைதான் கஷ்டப்படுவான். அவனுக்குன்னே இருக்கிற ஸ்கூல்ல சேர்த்தீங்கன்னா நல்லாப் பார்த்துப்பாங்க.'

கவனித்தீர்களா? 'சேர்க்க மாட்டோம்' என்று அவர் சொல்லவே இல்லை. சொன்னால் சட்டப்படி தப்பு. 2016ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுப் பணம் வாங்குகிற பள்ளியை மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியையும் கட்டுப்படுத்துகிறது. பாரபட்சம் காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், மற்ற பிள்ளைகளோடு உட்கார வைத்துப் படிப்புச் சொல்லித்தர வேண்டும் என்கிறது. சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்குச் சிறப்பு ஆசிரியரை நியமிக்கச் சொல்லி 2015லேயே உத்தரவு போட்டுவிட்டது. அதனால்தான் மறுப்பு இப்போதெல்லாம் அக்கறை வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது.

அந்த வேஷத்தின் மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் இந்த வாரம் நான் பேச வந்தது வேறு. அந்த மனிதர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பையனுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று அந்தக் கட்டடத்தில் யாருக்கும் நிஜமாகவே தெரியாது. நாம் சண்டை போட வேண்டியது அந்த 'தெரியாது' மீது.

'தாரே ஜமீன் பர்' 2007ல் வந்தது. நம் ஊரில் 'ஹரிதாஸ்' 2013ல் வந்தது. இரண்டையும் பார்த்துவிட்டுக் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தோம். 'டீச்சர்னா இப்படி அன்பா இருக்கணும்' என்று வீட்டுக்கு வந்து பேசினோம். இந்திப் படத்தில் அந்த ஓவிய வாத்தியார் சிறப்புக் குழந்தைகள் பள்ளியிலும் வேலை செய்கிறவர். டிஸ்லெக்ஸியா என்றால் என்ன என்று அவருக்கு முன்பே தெரியும். அதனால்தான் பையனின் நோட்டைப் புரட்டியதும் கண்டுபிடிக்கிறார். நாம் அவர் கண்ணீரை ஞாபகம் வைத்துக்கொண்டோம். அவருக்கு இருந்த அறிவை மறந்துவிட்டோம்.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை போர்டைப் பார்த்து எழுதுவதில்லை. ஏன்? பார்வைக் கோளாறாக இருக்கலாம். பென்சில் பிடிக்கிற விரல்களில் பலம் போதாமல் இருக்கலாம். எழுத்துகளை இனம் காண்பதில் சிக்கல் இருக்கலாம். போர்டிலிருந்து நோட்டுக்குப் பார்வை வந்து சேர்வதற்குள் கவனம் ஜன்னலுக்குப் போய்விடலாம். நாலு காரணத்துக்கும் வெளியே தெரிகிற அறிகுறி ஒன்றுதான்: காலி நோட்டு. ஆனால் நாலுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. அன்பு மட்டும் இருக்கிற டீச்சர் கன்னத்தைத் தட்டி, 'என் சமத்து இல்ல, எழுதும்மா' என்பார். அன்பும் இல்லாதவர் தலையில் குட்டுவார். இரண்டிலும் நோட்டு காலியாகத்தான் இருக்கும்.

எந்தக் காரணம் என்று பிரித்துப் பார்ப்பது, ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்துச் சொல்லித்தருவது, ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாகத் திட்டம் எழுதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பது... இதெல்லாம் தாய்மை உணர்விலிருந்து தானாகச் சுரப்பதில்லை. ஒரு துறை. அதற்குப் பட்டம் உண்டு, பட்டமேற்படிப்பு உண்டு. இதய நோய்க்கு 'டாக்டர் ரொம்பப் பாசமானவர்' என்று திருப்திப்படுவீர்களா?

'அதான் அரசாங்கம் ஆள் போட்டிருக்கே' என்று கேட்பீர்கள். போட்டிருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றியத்துக்குச் சிலர் என்று சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தொகுப்பூதியம். வட்டாரத்தில் இருக்கிற பள்ளிகளை எல்லாம் சுற்றி வர வேண்டும். பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். நிரந்தர வேலை கேட்டுப் போராடியும் வருகிறார்கள். அவர்கள் உழைப்பில் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஒரு பள்ளிக்கு எப்போதோ வந்து போகிறவர் மந்திரவாதியாக இருந்தால்கூட என்ன செய்ய முடியும்?

உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் இதற்குக் கணக்குச் சொன்னது. தொடக்க வகுப்புகளில் பத்து சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர். 2022ல் மத்திய அரசும் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் அதே கணக்கைச் சேர்த்தது. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் மறுபடியும் மாநிலங்களைக் கூப்பிட்டு, 'முதலில் எத்தனை பணியிடம் என்றாவது அறிவியுங்கள்' என்று சொல்ல வேண்டி வந்தது. நம் வேகம் அவ்வளவுதான்.

சரி, நாளைக்கே இந்தப் பணியிடங்களை எல்லாம் புதிதாகப் படித்து வருகிற இளைஞர்களைக் கொண்டு நிரப்பிவிட்டதாக வைத்துக்கொள்வோம். நல்லதுதான். ஆனால் ஒரு நாளின் எட்டு பீரியடில் அந்தக் குழந்தை ஏழு பீரியட் யாரிடம் இருக்கும்? கணக்கு வாத்தியாரிடம், தமிழ் டீச்சரிடம். இருபத்து மூன்று வயசுப் பெண் தயங்கித் தயங்கிப் போய், 'சார், அந்தப் பையனுக்குக் கேள்வித்தாளைக் கொஞ்சம் பெரிய எழுத்துல தரலாமா?' என்று கேட்டால், ஸ்டாஃப் ரூமில் என்ன பதில் வரும்? 'நீ நேத்து வந்தவம்மா. போர்ஷன் யார் முடிக்கிறது?'

அதே கேள்வியை அந்தப் பள்ளியில் பதினைந்து வருஷம் பாடம் எடுத்த சீனியர் டீச்சர் கேட்டால்? ஹெச்.எம். எழுந்து நின்று கேட்பார். அவருக்குச் சிலபஸ் தெரியும். நாற்பது பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று தெரியும். எந்த வாத்தியாரிடம் எதை எப்படிச் சொன்னால் காரியம் நடக்கும் என்றும் தெரியும். அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, இந்தத் துறைப் படிப்பு. என் கட்சி இதுதான்: சிறப்புக் கல்வியின் மேற்படிப்பை நாம் முதலில் கொடுக்க வேண்டியது, பத்துப் பதினைந்து வருஷம் சாக்பீஸ் தூசி குடித்த ஆசிரியர்களுக்கு.

அப்படி ஒரு டீச்சர் தானாகவே ஆசைப்பட்டுப் படிக்க வந்தால் என்ன ஆகும்? எம்.எட். சிறப்புக் கல்வியில் சாதாரண பி.எட்.டை வைத்துக்கொண்டு நேராகச் சேர முடியாது. முதலில் சிறப்புக் கல்வியில் பி.எட்.டோ டிப்ளமோவோ முடித்திருக்க வேண்டும். பி.எட். இரண்டு வருஷம், எம்.எட். இரண்டு வருஷம். பதினைந்து வருஷ அனுபவம் கணக்கிலேயே வராது. சாதாரண ஆசிரியர் படிப்புக்கு ஓர் அமைப்பு, சிறப்புக் கல்விக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் என்று இரண்டு வாசல். இரண்டுக்கும் நடுவில் கதவு வைக்க மறந்துவிட்டார்கள். 2020ம் வருட தேசியக் கல்விக் கொள்கை, வேலையில் இருக்கிற ஆசிரியர்களுக்குப் பகுதி நேரமாக இந்தப் படிப்புகளைத் தர வேண்டும், இரண்டு அமைப்பும் சேர்ந்து பாடத்திட்டம் போட வேண்டும் என்றது. அந்தக் கொள்கையோடு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம். இந்த ஒரு பத்தியிலாவது சண்டை வேண்டாமே.

அடுத்தது காசு. மேற்படிப்பு முடித்த அரசு ஆசிரியருக்கு முன்பெல்லாம் ஊக்க ஊதிய உயர்வு கிடைக்கும். 2020ல் அதை ரத்து செய்தார்கள். பிறகு ஒரே தவணையில் ஒரு தொகை என்று மாற்றினார்கள். தனியார் பள்ளி ஆசிரியருக்கு அந்தப் பேச்சே கிடையாது. லீவு போட்டால் வேலையே இருக்காது.

அப்படியானால் இந்தப் படிப்பை யார்தான் படிக்கிறார்கள்? அவர்களில் அம்மாக்களும் உண்டு! தன் பிள்ளையை எந்தப் பள்ளியும் சரியாகப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், பார்த்த வேலையை விட்டுவிட்டு, முப்பத்தைந்து வயசில் புத்தகப் பையைத் தூக்குகிற அம்மாக்கள். அவர்களை நாம் மேடை ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். வெட்கப்பட வேண்டிய விஷயம் அது. பள்ளி செய்ய வேண்டிய வேலையைச் செய்ய ஓர் அம்மா தன் வாழ்க்கையையே மாற்றிக்கொள்கிறாள் என்றால், அங்கே பொன்னாடைக்கு என்ன வேலை?

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு பள்ளியிலும் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கென்று ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும். அவர் தகுதி பெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்கிறவர் மூன்று வருஷத்துக்குள் பட்டமேற்படிப்பு நிலையில் ஒரு தகுதி பெற்றாக வேண்டும் என்று 2009ல் கட்டாயமாக்கினார்கள். 2024ல் அந்தப் படிப்பின் பெயரையும் வடிவத்தையும் மாற்றினார்கள். ஆனால் ஆசிரியரையே படிக்க வைப்பது என்கிற கொள்கையை விடவில்லை. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். பணம் போதவில்லை என்று அங்கேயும் பெற்றோர் கத்துகிறார்கள். ஆனால் கேள்வி கேட்கப் பள்ளிக்குள் பேர் சொல்லி ஓர் ஆள் இருக்கிறார். நம் பெற்றோருக்கு யார் இருக்கிறார்கள்? வாட்ச்மேன்!

இத்தனைக்கும் தாம்பரத்துக்காரர்கள் லண்டன் போக வேண்டாம். பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005லிருந்து முட்டுக்காட்டில் இருக்கிறது. வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் என்று சுற்றினால் போய்விடலாம். 2008ல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் காரப்பாக்கத்தில் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் வித்யா சாகர் 1985லிருந்து இதே வேலையாக இருக்கிறது. கல்லெறியும் தூரத்தில் அறிவு இருக்கிறது. 2021ல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், பெருங்களத்தூர் என்று ஊர்களைச் சேர்த்து ஒரு மாநகராட்சியையே உண்டாக்கத் தெரிந்த நமக்கு, இந்தப் பள்ளிகளையும் அந்த நிறுவனங்களையும் சேர்க்கத் தெரியவில்லை.

செலவாகுமே என்பார்கள். ஆகும். 'மத்த பசங்க படிப்பு கெட்டுடுமே' என்று சிலர் மெதுவாகக் கேட்பார்கள். ஒரு பாடத்தை மூன்று விதமாகச் சொல்லத் தெரிந்த டீச்சரால் உங்கள் பிள்ளைக்கு நஷ்டம் எப்படி வரும்? கடைசி பெஞ்சில் இருக்கிற 'மக்கு' என்று நீங்கள் நினைத்த உங்கள் பையனுக்கே டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம். அப்படிப்பட்ட மாணவருக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆள் உண்டு, ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு உண்டு. விஷயம் தெரிந்த ஓர் ஆசிரியர் மூன்றாம் வகுப்பிலேயே கண்டுபிடித்திருந்தால், பெற்றோர் பத்தாம் வகுப்பு டிசம்பரில் சான்றிதழுக்கு அலைய வேண்டியதில்லை.

நான் கேட்பது அதிகமில்லை. பள்ளிக்கு ஒருவர், சின்னப் பள்ளிகள் என்றால் நாலு பள்ளிக்கு ஒருவர் என்று அனுபவமுள்ள ஆசிரியர்களைத் தேர்ந்தெடுங்கள். முழுச் சம்பளத்தோடு, கோடை விடுமுறையிலும் சனிக்கிழமைகளிலும் வகுப்பு வைத்து, பாதி நாள் தங்கள் பள்ளியிலேயே செய்முறைப் பயிற்சி என்று இரண்டு வருஷத்தில் முடிகிற பட்டமேற்படிப்பைக் கொடுங்கள். அவர்கள் அனுபவத்தைத் தகுதியாக எண்ணுங்கள். முடித்து வந்ததும் பீரியடைப் பாதியாகக் குறைத்து, மற்ற ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் அதிகாரத்தைக் கொடுங்கள். ஊதிய உயர்வைத் திருப்பிக் கொடுங்கள். தனியார் பள்ளிகளுக்கு அங்கீகாரம் புதுப்பிக்கும்போது, ஸ்கேட்டிங் தரை இருக்கிறதா என்று பார்க்கிற நேரத்தில் இந்த ஆசிரியர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டமோ பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டமோ நடக்கும்போது, மார்க் பற்றிக் கேட்டு முடித்த பிறகு, எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'இந்த ஸ்கூல்ல சிறப்புக் கல்வி படிச்ச டீச்சர் யார் சார்? பேர் சொல்லுங்க.'

உங்கள் பிள்ளைக்கு அந்த டீச்சர் தேவையே படாமல் இருக்கலாம். அதனால்தான் நீங்கள் கேட்க வேண்டும். தேவைப்படுகிற பிள்ளையின் அம்மா இன்னும் அட்மிஷன் கவுன்டரையே தாண்டவில்லை.