பதவி விலகலாம், வழக்கு விலகாது

2022 ஏப்ரல் 6 அன்று பெங்களூரு விமான நிலையத்தில் ஆகார் படேல் தடுத்து நிறுத்தப்பட்டார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உரையாற்றப் புறப்பட்டிருந்த அவருக்கு எதிராக சிபிஐ ‘லுக்அவுட்’ சுற்றறிக்கை பிறப்பித்திருப்பதாகக் குடியேற்ற அதிகாரிகள் தெரிவித்தனர். சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுமாறு மறுநாளே தில்லி நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த ஆணையோடு சென்ற அவர் அன்றிரவு மீண்டும் தடுக்கப்பட்டார். அம்னஸ்டி இந்தியாவின் செயல் இயக்குநர் பொறுப்பிலிருந்து அவர் விலகி அப்போது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

ஒரு தன்னார்வ அமைப்பின் தலைவர் பொறுப்பைத் துறப்பது சாதாரணச் செய்தி. ஆனால், பதவியை விட்டு இறங்கிய பிறகும் ஒருவரை அரசு துரத்துகிறது என்றால் அதன் குறி அந்தப் பதவி மட்டுமல்ல என்பது தெளிவு. இதில் இடதுசாரிகள் கற்க வேண்டிய பாடங்கள் இரண்டு. ஒன்று அரசைப் பற்றியது. மற்றொன்று அமைப்பைப் பற்றியது.

சோதனைகளின் தொடர்ச்சி

பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய அம்னஸ்டி இந்தியா மீது 2016 ஆகஸ்டில் தேசத்துரோக வழக்குப் பதிவானது. காஷ்மீர்க் குடும்பங்களின் துயரத்தைப் பேசிய கூட்டம் ஒன்றை நடத்தியதே காரணம். புகார் கொடுத்தது ஏபிவிபி. வழக்குப் பதிந்தது காங்கிரஸ் ஆட்சியின் காவல்துறை. பின்னர் அவ்வழக்கு முடித்து வைக்கப்பட்டது. 2018 அக்டோபர் 25 அன்று அமலாக்கத்துறையும், 2019 நவம்பர் 15 அன்று சிபிஐயும் அதன் அலுவலகத்தில் சோதனை நடத்தின. அந்த ஆண்டின் இறுதியில் படேல் விலக, அவினாஷ் குமார் பொறுப்பேற்றார்.

2020 ஆகஸ்டில் தில்லிக் கலவரத்தில் காவல்துறையின் பங்கு குறித்தும், காஷ்மீரின் நிலை குறித்தும் அந்த அமைப்பு அறிக்கைகள் வெளியிட்டது. செப்டம்பர் 10 அன்று அதன் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. செப்டம்பர் 29 அன்று பணிகளை நிறுத்துவதாக அது அறிவித்தது. 2022 ஜூலையில் அமலாக்கத்துறை அந்த அமைப்புக்கு 51.72 கோடி ரூபாயும், படேலுக்குத் தனிப்பட்ட முறையில் 10 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. வெளிநாட்டு நன்கொடை அனுமதி கிடைக்காத நிலையில் வணிக நிறுவனம் ஒன்றின் வழியாகப் பணம் பெற்றது என்பது குற்றச்சாட்டு. அனைத்தும் சட்டப்படியே நடந்தன என்பது அமைப்பின் பதில். எது சரி என்பதை நீதிமன்றம் ஆராயட்டும். விசாரணைக்கு முன்பே ஓர் அமைப்பின் மூச்சை நிறுத்திவிடும் அதிகாரம் அரசுக்கு எப்படி வந்தது என்பதே அரசியல் கேள்வி.

யாருக்கு இறுக்கம், யாருக்குத் தளர்வு?

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 1976இல், அவசரநிலைக் காலத்தில் பிறந்தது. 2020 செப்டம்பர்த் திருத்தம் அதை மேலும் இறுக்கியது. வெளிநாட்டு நன்கொடைகள் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளை வழியாக மட்டுமே வரவேண்டும். ஓர் அமைப்பு மற்றோர் அமைப்புக்கு அதைப் பகிர்ந்தளிக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைய வேண்டும்.

அதே சட்டம் ஆளும் வர்க்கக் கட்சிகளை நடத்திய விதம் வேறு. வேதாந்தா குழும நிறுவனங்களிடம் நன்கொடை பெற்றதன் மூலம் பாஜகவும் காங்கிரசும் அச்சட்டத்தை மீறின என்று தில்லி உயர்நீதிமன்றம் 2014 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்தது. உடனே மாறியது சட்டம்! ‘வெளிநாட்டு நிறுவனம்’ என்பதன் வரையறையை 2016 நிதிச் சட்டம் திருத்தியது. அது போதாதென்று 2018 நிதிச் சட்டம், விவாதம் ஏதுமின்றி, அத்திருத்தத்தை 1976 வரை பின்தேதியிட்டது. அதே ஆண்டு மே 22 அன்று, அதே வேதாந்தாவின் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் திரண்ட தூத்துக்குடி மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மனித உரிமை பேசுவோரின் வெளிநாட்டுப் பணம் நாட்டுக்கு ஆபத்து. பெருமுதலாளியின் வெளிநாட்டுப் பணம் பின்தேதியிட்டுப் புனிதம்!

“வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் அமைப்புதானே, போகட்டும்” என்று கட்சி அணிகளுக்குள்ளும் சிலர் நினைக்கக்கூடும். 2023 அக்டோபர் 3 அன்று நியூஸ்கிளிக் பத்திரிகையாளர்களின் வீடுகளுக்குள் காவல்துறை நுழைந்தபோதும் சொல்லப்பட்ட காரணம் வெளிநாட்டுப் பணம்தான். சீத்தாராம் யெச்சூரிக்கு ஒதுக்கப்பட்ட இல்லமும் அன்று தப்பவில்லை. பிரபீர் புர்காயஸ்தாவின் கைது செல்லாது என்று உச்சநீதிமன்றம் கூறுவதற்குள் ஏழு மாதங்கள் அவர் சிறையில் கழிந்தன. அடுத்த வீட்டில் பற்றிய தீ நம் கூரைக்கு வராது என்று எவரும் இருந்துவிட முடியாது.

விமர்சனம் மாறவில்லை

இதனால் தன்னார்வ அமைப்புகள் பற்றிய இடதுசாரிகளின் பழைய விமர்சனம் பொருளற்றுப் போய்விடவில்லை. நன்கொடையால் இயங்கும் குழுக்கள் மக்களை அரசியலிலிருந்து விலக்குகின்றன, போராட்டத்தைத் திட்ட அறிக்கையாகச் சுருக்குகின்றன என்று 1984இலேயே பிரகாஷ் காரத் எழுதினார். அம்னஸ்டி இந்தியாவுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் இந்தியர் நிதியளித்ததாக அவ்வமைப்பே கூறியது. நிலக்கரிச் சுரங்கங்களால் நிலமிழந்த பழங்குடியினரைப் பற்றியும், விசாரணைக் கைதிகளைப் பற்றியும் அது செய்த ஆய்வுகள் மதிக்கத்தக்கவை. ஆயினும் கணக்குகள் முடங்கிய நாளில், அந்த ஒரு லட்சம் பேர் கூடி முடிவெடுக்கும் கிளையோ மாநாடோ இல்லை. ஊழியர்கள் வேலையிழந்தனர், கதவு மூடியது. ஒரு வங்கி உத்தரவால் நின்றுவிடும் அமைப்பு எவ்வளவு நேர்மையானதாயினும் பலவீனமானதே.

இதே பெங்களூரு வேறொரு காட்சியையும் கண்டிருக்கிறது. வருங்கால வைப்புநிதியில் முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்கக் கூடாது என்ற விதியை எதிர்த்து, 2016 ஏப்ரல் 18, 19 ஆகிய நாட்களில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஓசூர் சாலையிலும் பிற சாலைகளிலும் திரண்டனர். இரண்டாம் நாளே ஒன்றிய அரசு விதியைத் திரும்பப் பெற்றது. அவர்களுக்கு அலுவலகமும் இல்லை, செயல் இயக்குநரும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தொழிற்சங்கத்திலும் இல்லை என்பதை இடதுசாரிகள் பெருமையோடு சொல்லிக்கொள்ள முடியாது. அந்தப் பெண்களை உறுப்பினராக்காத இயக்கம், நன்கொடை அமைப்புகளின் பலவீனத்தைச் சுட்டிக்காட்டுவதோடு நின்றுவிட்டால் அது தற்பெருமையாகிவிடும்.

ஆகவே கடமை இரட்டையானது. 2020 திருத்தத்தைத் திரும்பப் பெறவும், விசாரணை அமைப்புகளை ஏவி எதிர்க்குரல்களை ஒடுக்குவதை நிறுத்தவும் குரல்கொடுக்க வேண்டும். பாதிக்கப்படுபவரின் கொள்கை எதுவாயினும் இது பொருந்தும். தேர்தல் பத்திரங்களைப் பெறாமல் அவற்றை எதிர்த்து வழக்காடி, 2024 பிப்ரவரி 15 தீர்ப்புக்கு வழிவகுத்தோருள் ஒருவராக நின்றது மார்க்சிஸ்ட் கட்சி. அந்த நேர்மையே இக்கோரிக்கைக்குத் தகுதி தருகிறது.

மற்றொரு கடமை அன்றாடமானது. கிளைக் கூட்டம் தவறாமல் நடப்பதும், லெவி ஒழுங்காகச் சேர்வதும், சங்கச் சந்தா ரசீது ஒவ்வொரு தொழிலாளியின் கையையும் அடைவதும் வெறும் அலுவலக நடைமுறைகள் எனச் சலிப்போர் உண்டு. செயலாளர் மாறினாலும், சிறை சென்றாலும் இயக்கம் நடக்கும் என்ற உறுதி அந்த ரசீதுப் புத்தகத்திலிருந்துதான் பிறக்கிறது. வங்கிக் கணக்கை முடக்கலாம். லட்சக்கணக்கான உறுப்பினர்களின் மாதச் சந்தாவை எந்த அமலாக்கத்துறையும் முடக்க முடியாது.