செல்போனில் பாடம்.. கையில் சான்றிதழ்.. கிராம தபால் ஊழியருக்கு என்ன பலன்?

தென்காசி மாவட்டம் திருவேங்கடம். சங்கரன்கோவிலுக்கும் சிவகாசிக்கும் இடையில் இருக்கும் இந்தப் பேரூராட்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில், வங்கிக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும். தபால் ஆபீஸ் அப்படியில்லை, நடந்தே போய்விடலாம். பெரும்பாலும் ஒரு வீட்டின் முன்னறைதான் அந்த ஆபீஸ். அங்கே உட்கார்ந்திருப்பவர் கிராம அஞ்சல் ஊழியர், சுருக்கமாக ஜிடிஎஸ்.

இவருக்கு இப்போது கடிதம் கொடுப்பது மட்டும் வேலையில்லை. செல்வமகள் கணக்கு, ஆர்டி, காப்பீடு பிரீமியம் என எல்லாம் இவர் கையில்தான். 2018 செப்டம்பரில் போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வந்த பிறகு, ஆதார் விரல்ரேகை வைத்துப் பணம் கொடுப்பதும் சேர்ந்துகொண்டது. இத்தனைக்கும் இவர் வேலைக்குச் சேர எழுத்துத் தேர்வு கிடையாது, 10-ம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. அப்படியென்றால் வேலையை எங்கே கற்றுக்கொள்வார்?

டாக் கர்மயோகி என்றால் என்ன?

மத்திய அரசு ஊழியர்களுக்கான 'மிஷன் கர்மயோகி' திட்டத்துக்கு 2020 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 5 ஆண்டுகளுக்கு ரூ.510.86 கோடி, சுமார் 46 லட்சம் ஊழியர்கள். இதற்கான ஆன்லைன் தளம்தான் 'ஐகாட்'. அதே வழியில் அஞ்சல் துறை 2022 ஜூன் 28-ல் தனியாக ஆரம்பித்தது 'டாக் கர்மயோகி'. சுமார் 4 லட்சம் ஜிடிஎஸ் மற்றும் துறை ஊழியர்களுக்கு ஒரே மாதிரி பயிற்சி என்பது நோக்கம். வீடியோ பார்க்கணும், கடைசியில் கேள்விகளுக்குப் பதில் சொல்லணும், பாஸானால் சான்றிதழ்.

நல்ல விஷயம்தான். முன்பெல்லாம் பயிற்சிக்குக் கூப்பிட்டால் வேலையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வெளியூர் போக வேண்டும். இப்போது திருவேங்கடத்தில் இருந்தபடியே டெல்லியில் சொல்லும் பாடத்தைக் கேட்கலாம். 2025 ஆகஸ்ட்டில் நாடு முழுக்க 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட தபால் ஆபீஸ்கள் புதிய ஏபிடி மென்பொருளுக்கு மாறியபோது, 4.6 லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பயிற்சி கொடுத்ததாக அரசு சொன்னது. வகுப்பறையை மட்டும் நம்பி இதைச் செய்திருக்க முடியாது.

அப்புறம் என்ன சிக்கல்?

நேரம்தான். ஜிடிஎஸ் வேலை காகிதத்தில் 4 மணி நேரம் அல்லது 5 மணி நேரம். 4 மணி நேர கிளை போஸ்ட் மாஸ்டருக்கு ஆரம்ப ஊதியம் ரூ.12,000, உதவியாளருக்கு ரூ.10,000, இதோடு அகவிலைப்படி. அந்த 4 மணி நேரத்தில் கவுன்ட்டரும் பார்க்கணும், கணக்கும் முடிக்கணும். மீதி இருப்பது சாயங்காலம். அதாவது பாடம் நடப்பது சம்பளம் இல்லாத நேரத்தில். களைத்துப்போனவர் வீடியோவை ஓடவிட்டுக் கேள்விக்கு மட்டும் பதில் தட்டினால், அவரை மட்டும் குறை சொல்ல முடியுமா?

பயிற்சியின் பலனை அளக்க அமெரிக்க ஆய்வாளர் கிர்க்பாட்ரிக் 1959-லேயே நான்கு படிகள் சொன்னார். பயிற்சி பிடித்ததா, ஏதாவது கற்றார்களா, வேலை செய்யும் விதம் மாறியதா, அதனால் நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது. 'இத்தனை லட்சம் பேர் முடித்தார்கள்' என்ற கணக்கு இந்த நான்கில் எதிலும் வராது. விரல்ரேகை பதியாத பாட்டியைத் திருப்பி அனுப்பாமல் வேறு வழி தேடிக் கொடுத்தாரா என்பதுதான் மூன்றாவது படி. அதை எந்த டாஷ்போர்டும் காட்டாது. பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஒரு சீனியர் இருந்தால் கற்றது கைக்கு வரும். ஒருவர், இருவர் மட்டும் வேலை பார்க்கும் கிளை ஆபீஸில் அதற்கு வழி குறைவு. இதற்கிடையே, தவறால் துறைக்கு நஷ்டம் என்றால் ஊழியரிடமே வசூலிக்கவும் விதியில் இடமிருக்கிறது.

படித்தால் சம்பளம் கூடுமா?

இங்கேதான் வித்தியாசம் தெரிகிறது. வழக்கமான மத்திய அரசு ஊழியர்களுக்கு ஐகாட் படிப்புகளை ஆண்டுப் பணி மதிப்பீட்டு அறிக்கையோடு இணைக்கும் உத்தரவு 2025-ல் வந்தது. அந்த அறிக்கைதான் பதவி உயர்வுக்கு அடிப்படை. ஆனால் ஜிடிஎஸ் அந்த வரிசையிலேயே இல்லை. இவர்கள் வகிப்பது சிவில் பதவி, ஆனால் வழக்கமான அரசுப் பணிக்கு வெளியே என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன நிலைதான் இன்றும்.

தபால்காரர், எம்டிஎஸ் பதவிகளுக்குப் போக பணிமூப்பு அல்லது துறைத் தேர்வு வேண்டும். அதற்குத் தனியாகப் படிக்கணும். 8 மணி நேர வேலை, ஓய்வூதியம் கேட்டு 2023 டிசம்பர் 12 முதல் ஜிடிஎஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த ஆண்டு மத்திய அரசு அறிவித்த நிதி உயர்வுத் திட்டத்தில் 12, 24, 36 ஆண்டுகள் பணி முடித்தால் ஆண்டுக்கு முறையே ரூ.4,320, ரூ.5,520, ரூ.7,200 கிடைக்கும். அதற்குத் தகுதி பணியாற்றிய ஆண்டுகள்தான், முடித்த கோர்ஸ்கள் இல்லை.