சூளையும் சைலன்சரும்

விருத்தாசலம் என்றதும் இலக்கிய வாசகனுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஊரல்ல, புதுமைப்பித்தனின் இயற்பெயர். அதற்கடுத்துப் பழமலைநாதர் கோயில், மணிமுத்தாறு, ரயில் சந்திப்பு. பீங்கான் கடைசியாகத்தான் வரும். ஆனால் ஊருக்குள் வாழ்கிறவர்களுக்குப் பியூஸ் கட்டையும் தேநீர்க் கோப்பையும் சிறு பொம்மைகளும்தான் விருத்தாசலம். தொழிற்பேட்டைச் சூளைகளிலிருந்து வெளிவரும் இந்தப் பொருட்களுக்குப் பொதுவான ஒரு குணம் உண்டு. நெருப்பை வாங்கிக்கொண்ட பிறகு அவை எதையும் வெளிக்காட்டுவதில்லை. பந்தயக் காரின் இரைச்சலைப் பற்றி எழுத நேர்ந்தபோது, அந்தக் குணமே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

என் தங்கை மகன் கோவையில் பொறியியல் படிக்கிறான். அவனும் நண்பர்களும் சேர்ந்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றைக் கட்டினார்கள். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் போட்டிக்காக. மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்த 373 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின். கார் நன்றாகவே ஓடியது. ஆனால் பட்டறையில் அவர்களே வைத்துப் பார்த்த ஒலிச் சோதனையில் தேறவில்லை.

உலகெங்கும் இத்தகைய மாணவர் போட்டிகளில் வழங்கும் விதி எளியது. புகைபோக்கியின் வாயிலிருந்து அரை மீட்டர் தொலைவில், 45 பாகைக் கோணத்தில் ஒலிமானியை வைப்பார்கள். எஞ்சின் சும்மா ஓடும்போது 103 டெசிபெல்லையும், குறிப்பிட்ட வேகத்தில் 110 டெசிபெல்லையும் தாண்டக் கூடாது. தாண்டினால் ஓடுகளத்தில் இறங்க முடியாது. எவ்வளவு வேகமான காராக இருந்தாலும் சரி, யாருடைய பிள்ளையாக இருந்தாலும் சரி.

விடுமுறைக்கு விருத்தாசலம் வந்தவன், சூளைகளின் உட்சுவரில் பொதிக்கும் செராமிக் வூல் வேண்டும் என்றான். கண்ணாடி இழை வெப்பத்தில் பொடிந்து போகிறதாம். சூளைப் பஞ்சு ஆயிரம் டிகிரிக்கு மேலும் தாங்கும். துளையிட்ட குழாயைச் சுற்றி அதைத் திணித்தால் சத்தம் அடங்கிவிடும் என்பது அவன் கணக்கு. வாங்கிக் கொடுத்தேன், முகமூடி போட்டுக்கொண்டு கையாளச் சொல்லி. அந்த இழை நுரையீரலுக்கு நல்லதல்ல. புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. சூளைக்குப் பஞ்சு பொதிக்கிற நம் தொழிலாளிகள் முகமூடி அணிந்து நான் அதிகம் பார்த்ததில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பஞ்சு பொதித்ததும் காதுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் ஒலிமானியின் முள் மசியவில்லை. ஏன் என்று அவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். எனக்கும் விளக்கினார்கள்.

நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் புகையைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 7500 சுழற்சி என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 62 தள்ளல்கள். இரைச்சலின் அடிநாதம் அதுதான். சூடான புகையில் ஒலி வினாடிக்கு 500 மீட்டருக்கு மேல் பாய்வதால், அந்த நாதத்தின் அலைநீளம் எட்டு ஒன்பது மீட்டர். இரண்டு அங்குலப் பஞ்சு அந்த நெடிய அலையை ஒன்றும் செய்யாது. கீச்சென்ற உயர் ஒலிகளை மட்டுமே விழுங்கும். நம் காதோ தாழ்ந்த ஒலியைக் குறைத்தே கேட்கிறது. காதைப் பின்பற்றும் 'ஏ' அளவுகோலும் அப்படித்தான். 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபெல்லைத் தள்ளுபடி செய்துவிடும். போட்டியின் விதியோ 'சி' அளவுகோலைக் கேட்கிறது. அது அங்கே ஒரு டெசிபெல்லைக்கூட முழுதாகத் தள்ளுவதில்லை. காதை ஏமாற்றலாம், கருவியை ஏமாற்ற முடியாது.

ஆகவே அவர்கள் பஞ்சோடு நிற்காமல் அறைகள் கொண்ட இன்னொரு பெட்டியைச் செய்தார்கள். குறுகிய குழாயிலிருந்து திடீரென்று அகன்ற அறைக்குள் புகும் அலையின் ஒரு பகுதி திரும்பி எதிரொலித்து, பின்னால் வரும் அலையோடு மோதித் தணிகிறது. எடை இரண்டு கிலோ கூடியது. சோதனையில் தேறினார்கள். வேகம் குறைந்ததா என்று கேட்டேன். கவனித்துச் செய்தால் இழப்பு சொற்பம்தான் மாமா, கவனிக்காமல் செய்தால்தான் எஞ்சினுக்கு மூச்சு முட்டும் என்றான்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இதை எழுதுகிறேன். இரைச்சல்தான் வேகம், அதை அடக்குவது எஞ்சினை மலடாக்குவது என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. விருத்தாசலம் கடைவீதியில் மாலை நேரத்தில் நின்றால் போதும். சைலன்சரின் உள்ளுறுப்பைப் பிடுங்கி எறிந்த மோட்டார் சைக்கிள்கள் அந்த நம்பிக்கையை ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டு போகும். பந்தயத்தின் உச்சத்திலும் இதே மனநிலைதான். 2014இல் ஃபார்முலா ஒன் கார்களுக்கு டர்போ பொருத்திய ஆறு சிலிண்டர் எஞ்சின் வந்து ஓசை தணிந்தபோது, ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டே ஒரு குழு, ஓசையைக் கூட்டுவதற்காகப் புகைபோக்கியில் ஊதுகுழல் போன்ற வாயைப் பொருத்திச் சோதித்துப் பார்த்தது. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சோழவரத்தில் பந்தயம் நடந்த காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் ஏக்கத்தோடு பேசக் கேட்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. சொந்தக் காரைத் தாமே பிரித்துக் கோத்து ஓட்டிய ஆர்வலர்களின் களம். 1990இல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைத் தனித் தடத்துக்குப் போனது. மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைக் கார் கட்டிய கோவை கரிவரதனின் பெயரில் 2003இல் செட்டிபாளையம் தடம் வந்தது. இவையெல்லாம் ஊருக்கு வெளியே இருந்தன. இரைச்சல் யாருடைய பிரச்சினையாகவும் பெரிதாகப் பேசப்படவில்லை.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய தெருக்களில் இரவு ஃபார்முலா 4 பந்தயம் நடந்தபோது நிலைமை மாறியது. ஓமந்தூரார் அரசு மருத்துவமனையும் அரசுப் பொது மருத்துவமனையும் தொலைவில் இல்லை. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. பந்தயம் வேண்டுமா வேண்டாமா, அரசுப் பணம் செலவிடலாமா என்று கட்சி பிரிந்து பேசினோம். எத்தனை டெசிபெல் என்று கேட்டவர்கள் குறைவு.

ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொலைவு இரட்டிக்குந்தோறும் 6 டெசிபெல் குறையும். அரை மீட்டரில் 110 என்றால் அரை கிலோமீட்டரில் 50. பதினாறு கார் ஒன்றாக ஓடினால் 12 கூடும், 62. கட்டடங்கள் தடுக்கும், அளவுகோல் வேறுபடும், இது தோராயம்தான். ஆனால் ஒலி மாசு விதிகள், 2000 மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டருக்கு அமைதி மண்டலம் வகுத்து, அங்கே பகலில் 50, இரவு பத்து மணிக்கு மேல் 40 என்று வரம்பு வைக்கின்றன. மாணவர் போட்டியின் கண்டிப்பான விதிக்கு உட்பட்ட கார்களே இந்த வரம்பை நெருக்கும் என்றால், கட்டில்லாத கார்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் மில்டன்ஹால் பந்தயத் திடலுக்கு அருகே வீடு வாங்கிய இருவர் தொடுத்த வழக்கு 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. திடல் முன்பே இருந்தது, நீங்கள்தானே பிறகு வந்தீர்கள் என்ற வாதம் எடுபடவில்லை. திடலுக்குத் திட்ட அனுமதி இருக்கிறது என்பதும் இரைச்சலுக்கு உரிமம் ஆகிவிடவில்லை. அதே சமயம், தடை விதிப்பதே ஒரே பரிகாரம் அல்ல என்றும் நீதிமன்றம் சொன்னது. அந்த நிதானம் நமக்கும் தேவை.

பந்தயத்தை வெறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இருபது வயதுப் பிள்ளைகள் ஓர் உலோகப் பெட்டிக்குள் அலைகளை மோதவிட்டு ஓசையைத் தணிக்கக் கற்றுக்கொள்வது எந்தக் கவிதைக்கும் குறைந்ததல்ல. நம்மூர் போக்குவரத்துப் பணிமனையில் வேலை பார்த்த கண்மணி குணசேகரன் அந்த உலகத்தை 'நெடுஞ்சாலை' நாவலாக்கியிருக்கிறார். கிரீஸ் படிந்த கையிலிருந்தும் இலக்கியம் வரும் என்பதை நாம் புதிதாக நிரூபிக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். மாணவர்களுக்கு வைக்கும் அரை மீட்டர்ச் சோதனையைத் தெருப் பந்தயத்துக்கும் வையுங்கள். மருத்துவமனை வாசலில் ஒலிமானி வைத்து, அளவை மறுநாளே வெளியிடுங்கள். தாண்டிய கார் ஓடக் கூடாது. விருத்தாசலத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். காரின் புகையைச் சுத்திகரிக்கும் தேன்கூட்டுக் கட்டியே கார்டியரைட் என்ற பீங்கான்தான். வெண்களிமண்ணும் மாக்கல்லும் அலுமினாவும் சேர்ந்தது. களிமண் நமக்கு அருகே நெய்வேலியில் இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பாலிடெக்னிக் ஊரிலேயே இருக்கிறது. பியூஸ் கட்டையோடு நின்றுவிட்ட கைகள் இதையும் செய்து பார்க்கலாம்.

தங்கை மகன் ஊருக்குத் திரும்பியபோது மிச்சமிருந்த பஞ்சைக் கொண்டுவந்து கொடுத்தான். தெருக்கோடியில் உள்ளுறுப்பு பிடுங்கிய மோட்டார் சைக்கிள் ஒன்று அப்போது போயிற்று. அவன் ஒரு கணம் காதைக் கூர்ந்தான். "வேகமே இல்ல மாமா, வெறும் ஓட்டை" என்றான்.