பாலத்துக்குக் கொடுத்தது போக

நம் நண்பர் ஒருவர் கலிபோர்னியாவில் வசிக்கும் தம் குமாரத்தியைப் பார்க்கச் சென்றவர், மாப்பிள்ளைக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாமென்று ஐந்து நாளைக்கு ஒரு வாடகைக் கார் அமர்த்திக்கொண்டார். ஸான் பிரான்ஸிஸ்கோ வரையில் போய்விட்டுக் கோல்டன் கேட் பாலத்தைப் பார்க்காமல் திரும்பினால் ஊரில் யார் மன்னிப்பார்கள்? நண்பரும் பாலத்தின் வழியாக அக்கரைக்குப் போய், காப்பி அருந்திவிட்டு, அதே வழியாகத் திரும்பினார். எவரும் அவரை நிறுத்தவில்லை, காசு கேட்கவில்லை. அமெரிக்கர்களின் தாராளத்தைப் பற்றி அன்று இரவே பெண்ணிடம் புகழ்ந்தாராம்.

ஊர் திரும்பி மூன்று வாரம் சென்றபின் கிரெடிட் கார்டுக் கணக்கு வந்தது. பாலத்துச் சுங்கம் என்று ஒரு வரி. அதன் கீழே சேவைக் கட்டணம் என்று மற்றொரு வரி. கீழ் வரியின் தொகை மேல் வரியைப்போல் மூன்று மடங்கு!

இந்த விந்தை எப்படி நிகழ்ந்தது என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். 1937-ல் அந்தப் பாலம் திறக்கப்பட்ட நாள் முதல் ஏறக்குறைய 76 வருஷ காலம் அங்கே சுங்கச் சாவடியில் மனிதர்கள் நின்று பணம் வாங்கி வந்தார்கள். 1968 முதல் நகரை நோக்கி வரும் வண்டிகளுக்கு மட்டுமே சுங்கம். 2013 மார்ச் 27-ந் தேதி பணம் வாங்கும் சிப்பந்திகள் விலக்கப்பட்டு, முழுவதும் மின்சார வசூல் ஏற்பட்டது. காரின் முன் கண்ணாடியில் அதற்குரிய வில்லை இருந்தால் அதன் மூலம் கணக்கில் பற்று எழுதப்படும். வில்லை இல்லாவிட்டால், காமிரா காரின் நம்பரைப் படம் பிடித்துக்கொள்ளும். அந்த வருஷத்தில் வில்லைக்காரருக்கு 5 டாலர், மற்றவருக்கு 6 டாலர்.

சொந்தக் காரானால் சொந்தக்காரர் வீட்டுக்குச் சீட்டு வரும், செலுத்திவிடலாம். வாடகைக் காரின் நம்பரோ கம்பெனியின் பெயரில் இருக்கிறது. காமிராவுக்கு நம்பர்தான் தெரியுமே தவிர, உள்ளே உட்கார்ந்திருப்பவரைத் தெரியாது. ஆகையால் சீட்டு கம்பெனிக்குப் போகிறது. கம்பெனியாரோ, அவர்கள் அமர்த்தியிருக்கும் வேறொரு ஸ்தாபனத்தாரோ சுங்கத்தைக் கட்டிவிட்டு, வாடகைக்கு எடுத்தவருடைய கார்டிலிருந்து வசூலிக்கிறார்கள். இவ்வளவு தூரம் நமக்கு ஆட்சேபம் கிடையாது. கணக்குப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் கூலி எதைக் கொண்டு கணக்கிடப்படுகிறது? பாலத்தைக் கடந்தது ஒரே தடவை. மற்ற நான்கு நாளும் கார் மாப்பிள்ளை வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த நான்கு நாளுக்கும் சேர்த்துச் சேவை நடந்ததாம்!

இது நம் நண்பர் ஒருவருடைய புலம்பல் அல்ல. 2017-ம் வருஷம் ஸான் பிரான்ஸிஸ்கோவின் நகர வழக்கறிஞராக இருந்த டென்னிஸ் ஹெரேரா, இதே பாலத்தின் விஷயமாக ஹெர்ட்ஸ் கம்பெனி மீதும், அதற்காகச் சுங்க வசூலைக் கவனித்து வந்த ஸ்தாபனத்தின் மீதும் வழக்குத் தொடர்ந்தார். சுங்கம் ஏற்படாத நாட்களுக்கும் சேர்த்துத் தினம் 4.95 டாலர் வீதம், மொத்தம் 24.75 டாலர் வரையில் வாங்கினார்கள் என்பதும், பிரயாணிகளுக்கு இதைத் தெளிவாகத் தெரிவிக்கவில்லை என்பதும் அவருடைய குற்றச்சாட்டு. அப்போது பாலத்துச் சுங்கம் எட்டு டாலருக்கும் குறைவு. வழக்கு தீர்ப்பு வரையில் போகவில்லை, 2019-ல் 36.5 லட்சம் டாலருக்கு ராஜியாக முடிந்தது.

நமக்குத் தோன்றுவது இதுதான். சாவடியில் நின்ற மனிதர் ஒரு பெரிய உபகாரம் செய்துகொண்டிருந்தார். அவர் கை நீட்டும்போது பிரயாணிக்குத் தாம் கொடுப்பது இன்னதென்று தெரிந்தது. காரை நிறுத்தாமல் போகிற சௌகரியம் வந்தபோது, கேட்பதும் கொடுப்பதும் கண்ணுக்கு மறைந்துவிட்டன. மறைந்த இடத்தில்தான் இரண்டாவது வரி முளைத்தது. ஒப்பந்தப் பத்திரத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது என்பார்கள். பதினாறு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்தவரிடம் அந்தப் பொடி எழுத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால், அவர் எதைப் படிப்பார்?

தப்பும் வழியும் உண்டு. கோல்டன் கேட் பாலத்துக்கு, காரின் நம்பரைக் கொடுத்து நாமே முன்கூட்டியோ, கடந்த 48 மணி நேரத்துக்குள்ளோ சுங்கத்தைச் செலுத்திவிடலாம். அங்கேயே வசிக்கும் உறவினர் தம் சுங்கக் கணக்கில் வாடகைக் காரின் நம்பரைச் சில நாளைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். காரைத் திருப்பிக் கொடுத்ததும் நம்பரை எடுத்துவிட மறந்தாரோ, அடுத்து அதை ஓட்டுகிற முகம் தெரியாத மனிதரின் சுங்கமெல்லாம் அவர் தலையில்! சில வாடகைக் கார்களில் வில்லையை ஒரு சிறு பெட்டிக்குள் மூடி வைத்திருப்பார்கள். பெட்டியைத் திறந்துவிட்டால் கட்டணமும் திறந்துவிடும். பிளாரிடாவில் ஆர்லாண்டோ விமான நிலையத்தில் சுற்றுப்பிரயாணிகளுக்கென்றே சுங்க அதிகாரிகள் ஒரு வில்லையை இலவசமாகக் கொடுக்கிறார்கள். காரில் மாட்டிக்கொண்டு, ஊர் திரும்பும்போது அங்குள்ள பெட்டியில் போட்டுவிட வேண்டியது. கொடுப்பது சுங்கம் மட்டுமே. ஆக, மனமிருந்தால் செய்யக்கூடிய காரியந்தான்.

நம் நண்பர் அடுத்த மாதம் மறுபடியும் பயணமாகிறார், பேரன் பிறந்திருக்கிறான். இந்தத் தடவை காரைக் கையில் வாங்கியவுடனே நம்பரைக் குறித்துக்கொள்வதற்காகச் சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். அவருடைய மனைவியாரோ, பாலத்தை நடந்தே கடந்தால் சுங்கமே இல்லையாமே என்று விசாரித்து வைத்திருக்கிறார்.